வெளிநாட்டுப் படிப்பும் புதிய புரோகிதமும்

(வெளிநாட்டுக் கல்லூரிகளில் சேரும் மாணவர்களுக்கு வழிகாட்டுவோரின் பயிற்சி வகுப்பில் பேசியதன் சாரம்)



வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் தொழிலுக்காக இங்கு பயிற்சி பெற வந்திருக்கிறீர்கள். நாம் சொல்லப்போவது உங்களில் சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். ஆனாலும் நமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லிவிடுகிறோம். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் அறிவைப் பொறுத்தது.

ஐதராபாத்திற்கு அருகில் சில்கூர் என்ற ஊரில் ஒரு பாலாஜி இருக்கிறார். அவருக்கு 'விசா பாலாஜி' என்று பெயர். விசா வேண்டுமென்று 11 சுற்றும், கிடைத்தபின் 108 சுற்றும் சுற்றுகிறார்கள். சுற்றுகிறவர்கள் எழுத்து வாசனையற்றவர்களா? இல்லை, இஞ்சினியரிங் பட்டதாரிகள்! விசா கொடுப்பது அந்நாட்டு உத்தியோகஸ்தர். அவர் பார்ப்பது கல்லூரியின் கடிதம், பணத்திற்கு ஆதாரம், பிள்ளை சொல்லும் பதில் இவைகளையே அல்லாமல், எத்தனை சுற்று சுற்றினான் என்பதை அல்லவே!

பின் ஏன் சுற்றுகிறார்கள்? விதி இன்னதென்று அவர்களுக்கு யாரும் விளங்கச் சொல்லவில்லை. விதி தெரியாத இடத்தில் சாமி நுழைகிறது. சாமி நுழைந்த இடத்தில் தரகனும் நுழைகிறான். புரியாத மந்திரத்தைச் சொல்லித் தட்சணை வாங்குவது புரோகிதம் என்றால், புரியாத பாரத்தைப் பூர்த்தி செய்து கையெழுத்து மட்டும் வாங்குவதற்கு என்ன பெயர்?

"நாங்கள் மாணவனிடம் காசே வாங்குவதில்லை" என்று சில ஏஜெண்டுகள் பெருமை பேசுகிறார்கள். அப்படியானால் ஆபீஸ் வாடகையை யார் கொடுக்கிறார்கள்? பையன் சேர்ந்த கல்லூரி அவன் கட்டும் சம்பளத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கிறது. கூலி கொடுப்பவன் ஒருவன், யோசனை கேட்பவன் மற்றொருவன் என்றால் யோசனை யார் பக்கம் சாயும்?

அமெரிக்காவில் சர்க்கார் உதவிப் பணம் பெறும் கல்லூரிகள், ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கக்கூடாதென்று 1992இல் சட்டம் செய்தார்கள். ஆனால் அயல்நாட்டில் வசிக்கும் அயல்நாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு அதில் விலக்கு வைத்தார்கள். தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது அயலான் பிள்ளைக்கு ஆகும் போலும்!

ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள சர்க்கார் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை படிப்புச் சம்பளமே வாங்குவதில்லை. செலவுக்குப் பணம் இருப்பதாக மட்டும் வங்கிக் கணக்குக் காட்டவேண்டும். 2024இல் இது வருஷத்திற்கு 11,904 யூரோவாக இருந்தது. சம்பளம் இல்லாத இடத்தில் கமிஷன் ஏது? ஆகவே கமிஷனை நம்பிப் பிழைப்பவர் வாயில் அந்தப் பெயர் எளிதில் வராது. ஏழைப் பிள்ளைக்கு எது முதலில் தெரியவேண்டுமோ அது கடைசியில்கூடத் தெரிவதில்லை.

இதன் பலனைக் கனடாவில் பார்த்தோம். கல்லூரியே கொடுக்காத பொய்க் கடிதங்களை ஏஜெண்டுகள் கொடுக்க, அவைகளை நம்பிப் போன இந்திய மாணவர்கள் பலர் 2023இல் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். அதன் பிறகே, அவ்வருஷம் டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்க அந்தச் சர்க்கார் ஏற்பாடு செய்தது. பையன் முதலிலேயே கல்லூரிக்குத் தானாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் இந்த மோசம் நடந்திருக்குமா? கேட்கும் பழக்கத்தை அவனுக்கு யார் கற்பித்தார்கள்?

நல்ல நெறி இல்லாமலில்லை. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளும் 2012இல் ஏஜெண்டுகளின் யோக்கியமான நடத்தைக்கென்று லண்டன் அறிக்கை என்ற ஒன்றை ஒப்புக்கொண்டன. ஆனால் காகிதத்திலுள்ள நெறி உங்கள் மேஜைக்கு வரவேண்டும். அதற்கு நாம் சொல்லுவது நான்கே காரியம்.

முதலாவது, எந்தக் கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, கமிஷன் இல்லாத வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது, பாரத்தைப் பையனே எழுதட்டும். நீங்கள் பிழை மட்டும் பாருங்கள். பிரிட்டனில் யூகாஸ் என்ற ஸ்தாபனம் 2007 முதல் மாணவர் கட்டுரைகளை யந்திரத்தால் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரே கட்டுரையை நூறு பேருக்கு விற்றால் பழி பையன் தலையில்தான் விழும். நான்காவது, சர்க்கார் உதவிப் பணங்களை மனப்பாடமாக வைத்திருங்கள். தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைத்தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க மத்திய சர்க்காரே உதவித் திட்டம் வைத்திருக்கிறது. அந்தக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1913இல் பரோடா மன்னரின் உதவிப் பணம் கிடைத்ததால் தோழர் அம்பேத்கர் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். அந்தக் கதவு அவருக்குத் திறந்ததால் இந்நாட்டில் எத்தனை கதவுகள் திறந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அதே யோக்கியதை இருந்தும் சேதி தெரியாமலே ஊரில் நின்றுவிட்டவர்கள் கணக்கை யார் எழுதினார்கள்?

புரோகிதன், தான் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாதென்று நினைப்பவன். வழிகாட்டியோ, தான் இல்லாமலே அடுத்தவன் நடக்கவேண்டுமென்று நினைக்கவேண்டியவன். உங்களிடம் வந்த பையன் தன் தம்பிக்குத் தானே வழி சொல்லும்படி ஆகுமானால் உங்கள் பயிற்சி பலித்தது என்று நாம் கொள்வோம். இல்லையேல் பாலாஜிக்கு ஒரு பங்காளி கூடினார் என்பதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை.