களத்தில் முதலில் இறங்குவோர் யார்?



கால்பந்து என்றவுடன் நம் நாட்டார் மனக்கண்முன் தோன்றுவது காலால் உதைத்தாடும் உருண்டைப் பந்தே. அமெரிக்கர் அப்பெயரால் குறிக்கும் ஆட்டமோ முற்றிலும் வேறானது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிவர், பிடிப்பர், ஏந்தியவனை எதிரணியினர் மறித்து வீழ்த்துவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரமேனும் முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆடும் இவ்வாட்டத்தைக் காணச் சனிக்கிழமைதோறும் சில அரங்குகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடுகின்றனர். இவ்வணிகளின் பயிற்சியாளர் முதலில் களமிறங்கும் வீரரை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒரே வேளையில் களத்தில் நிற்போர் அணிக்குப் 11 பேர். ஆயினும் தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறொரு பதினொருவர் என இரு குழுக்கள் உண்டு. பந்தை உதைப்பதற்கெனத் தனி ஆட்களும் உண்டு. முதல்தரப் பல்கலைக்கழக அணி ஒன்றில் உதவிச் சம்பளம் பெறும் ஆட்டக்காரர் 85 பேர்வரை இருக்கலாம் என்பது நெடுநாளைய விதி. 2025 முதல் அவ்வரம்பு நீங்கி, அணியின் மொத்தத் தொகை 105 என வகுக்கப்பட்டது. ஆகவே, ஒரே உணவுண்டு, ஒரே கடும்பயிற்சி செய்யும் இளைஞருள் ஏறக்குறைய ஐவரில் ஒருவரே முதல் வரிசையில் நிற்க முடியும்.

இந்த இரட்டைக் குழு முறை பழைமையானதன்று. முற்காலத்தில் தாக்குபவனே தடுக்கவும் வேண்டும். 1941இல் மாற்றாள் விதி தளர்ந்தது. 1945இல் மிச்சிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், வலிமை மிக்க ராணுவக் கல்லூரி அணியை எதிர்த்தபோது அத்தளர்வைப் பயன்படுத்தித் தாக்கவும் தடுக்கவும் தனித்தனிக் குழுக்களை இறக்கினார். 1953இல் அம்முறை விலக்கப்பட்டு, 1965இல் மீண்டும் முழுமையாக வந்தது. விதி மாறியபோது தேர்வும் மாறியது. எல்லாம் ஓரளவு தெரிந்தவனுக்குப் பதிலாக, ஒன்றை மிக நன்றாகச் செய்பவனைப் பயிற்சியாளர் தேடலாயினர்.

தேர்வு போட்டி நாளில் நிகழ்வதன்று. இளவேனிற் காலத்தில் 15 பயிற்சி நாட்கள். பின்னர் ஆகஸ்டு மாதத்தில் நீண்ட பயிற்சிகள். ஒவ்வொரு பயிற்சியும் படம் பிடிக்கப்படுகிறது. மாலையில் உதவிப் பயிற்சியாளர்கள் திரைமுன் அமர்ந்து, ஒவ்வோர் ஆட்ட அசைவிலும் ஒவ்வொருவனுக்கும் மதிப்பெண் இடுவர். இட்ட பணியைச் செய்தானா, கால் வைத்த முறை சரியா, இறுதிவரை முயன்றானா என நோக்குவர். விரைந்தோடுபவன் யார் என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். நம்பத்தக்கவன் யார் என்பதை இந்தப் படங்களே சொல்லும்.

புதிதாய் வந்த மாணவன் ஒருவன் மின்னலென ஓடுகிறான். ஆயினும் முதல் வரிசையில் இடம் பெறவில்லை. அரங்கில் உள்ளோர் பயிற்சியாளரை ஏசுகின்றனர். உள்ளே நடந்தது வேறு. பந்தெறிவோனைத் தாக்க எதிரணியான் பாய்ந்து வருகையில், அவனை மறித்து நிற்பதும் ஓட்டக்காரனின் கடமை. எவனை மறிப்பது என்பதை ஒரு நொடியில் அறியாதவனை நம்பித் தம் எறிவோனின் எலும்புகளைப் பணயம் வைக்கப் பயிற்சியாளர் உடன்படார். பந்தைக் கைநழுவ விடுபவனுக்கும் இதே கதிதான்.

தேர்வின் முடிவு ஒரு நிலைவரிசைப் பட்டியலாக வெளிவரும். ஒவ்வோர் இடத்திற்கும் முதல்வன், இரண்டாமவன், மூன்றாமவன் என்று பெயர்கள் இருக்கும். சில வேளைகளில் இரு பெயர்களுக்கிடையே ‘அல்லது’ என்றொரு சொல் காணப்படும். இருவரும் சமம் என்பது அதன் வெளிப்பொருள். எதிரணியைக் குழப்புவதும், இரண்டாமவன் மனமுடைந்து வெளியேறாமல் காப்பதும் அதன் உட்பொருள் என்றே நாம் கருதுகிறோம்.

எல்லா இடங்களிலும் கடினமானது குவார்ட்டர்பேக் எனப்படும் எறிவோனின் இடம். பிற இடங்களில் இருவரை மாற்றி மாற்றி ஆடவிடலாம். இங்கே ஒருவனைச் சுற்றியே அணி இயங்குகிறது. பங்கிட முயன்றோரும் உண்டு. 1999இல் மிச்சிகன் பயிற்சியாளர் லாயிட் கார் முதற் கால்பகுதியை டாம் பிரேடிக்கும், இரண்டாவதை ட்ரூ ஹென்சனுக்கும் அளித்து, இருவருள் யார் தொடர்வது என்பதை இடைவேளையில் முடிவு செய்துவந்தார். பிரேடியைத் தொழில்முறை அணிகள் அடுத்த ஆண்டில் 199ஆவது ஆளாகவே எடுத்தன. பின்னர் அவர் ஏழு முறை சூப்பர் பவுல் வென்றார். அன்று பார்த்தவர்களுக்குக் கண் இல்லை என்று கூறுவது எளிது. இருபத்திரண்டு வயதில் ஒருவனுள் இருப்பதை அளக்கும் கோல் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதே நம் எண்ணம்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2014இல் நிகழ்ந்ததும் இதற்குச் சான்று. முதல்வர் பிராக்ஸ்டன் மில்லர் ஆகஸ்டில் காயமுற்றார். இரண்டாமவர் பாரெட் நவம்பர் இறுதியில் கணுக்கால் முறிந்தார். மூன்றாமவராகக் காத்திருந்த கார்டேல் ஜோன்ஸ் தம் முதல் மூன்று தொடக்க ஆட்டங்களிலேயே விஸ்கான்சினை 59–0 என்றும், அலபாமாவை 42–35 என்றும், ஆரிகனை 42–20 என்றும் வென்று தேசிய வாகையைக் கொணர்ந்தார். மறு ஆண்டு முதல்வராகத் தொடங்கிய அவரே நடுவில் பாரெட்டுக்கு இடம் விட்டு விலக நேர்ந்தது.

திறமை ஒன்றே எக்காலத்தும் அளவுகோலாக இருந்தது என்று கூறின் அது உண்மையாகாது. கறுப்பின இளைஞன் பள்ளியில் எறிவோனாகச் சிறந்திருந்தாலும், கல்லூரியில் ஓட்டக்காரனாகவோ தடுப்பவனாகவோ மாற்றப்படுவது நெடுங்கால வழக்கம். தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் அவனுக்கு அணியிலேயே இடமில்லை. 1970 செப்டம்பர் 12 அன்று தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் பர்மிங்காம் நகருக்கு வந்தது. எறிவோர் ஜிம்மி ஜோன்ஸ் உட்பட, பந்தெடுத்துச் செல்லும் பின்வரிசை முழுவதும் கறுப்பினத்தாராக இருந்த அவ்வணி, வெள்ளையர் மட்டுமே ஆடிய அலபாமாவை 42–21 என வென்றது. மறு ஆண்டு ஜான் மிட்செல் அலபாமாவின் சட்டையணிந்து ஆடினார்.

அதே அலபாமாவின் பிற்காலக் கதை ஒன்று. 2018 ஜனவரி 8, அட்லாண்டா நகரில் தேசிய இறுதியாட்டம். தொடக்க எறிவோர் ஜேலன் ஹர்ட்ஸ். அன்றுவரை அவர் தொடங்கிய ஆட்டங்களில் அணி தோற்றவை இரண்டே. இடைவேளையில் ஜார்ஜியா 13–0 என முன்னிலையில் நின்றது. பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை அமர்த்திவிட்டு, ஹவாய்த் தீவிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டுவா எறிந்த 41 கஜப் பந்து வெற்றியாயிற்று, முடிவு 26–23. மாற்றப்பட்டவர் வெளியேறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே அரங்கில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டுவா காயமுற, ஹர்ட்ஸ் இறங்கிப் பின்தங்கிய அணியை 35–28 என வெல்லவைத்தார்.

இதற்கு மாறானது கிளெம்சன். 2018இல் முதல் நான்கு ஆட்டங்களையும் வென்ற அணியின் தொடக்க வீரர் கெல்லி பிரையன்ட். எனினும் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸை முதல்வராக்கினார். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவன் அவ்வாண்டைத் தன் நான்காண்டுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற புதுவிதி அவ்வாண்டே வந்திருந்தது. பிரையன்ட் அதைப் பயன்படுத்தி உடனே விலகினார். அந்த வாரமே லாரன்ஸ் அடிபட்டார். மூன்றாம் நிலையிலிருந்த சேஸ் பிரைஸ் இறுதிக் கால்பகுதியில் அணியைக் கரைசேர்த்து, சிரக்யூஸை 27–23 என வெல்லச் செய்தார். ஆண்டு முடிவில் கிளெம்சன் 15 ஆட்டங்களையும் வென்றது. ஆகவே ஸ்வினியின் தேர்வு சரியே என்பர். அந்த ஒரு சனிக்கிழமை தவறியிருப்பின் என்ன கூறியிருப்பர் என்பதையும் நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். நான்கு வெற்றிகளுக்குப் பின் இடமிழந்த இளைஞனின் மனக்குறை நியாயமானதே என்று நமக்குத் தோன்றுகிறது.

2021இலிருந்து ஆட்டக்காரன் ஒருமுறையும், 2024இலிருந்து கல்வித் தகுதி குறையாதவரை எத்தனை முறையும், ஓராண்டு சும்மா இராமலே வேறு பல்கலைக்கழகம் செல்லலாம். 2021 ஜூலை முதல் தன் பெயராலும் உருவாலும் பொருளீட்டலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரிற் பணம் கொடுக்கவும் இடமுண்டு. பெரும்பொருள் பெற்று வந்தவனை அமரவைத்தல் பயிற்சியாளருக்கு எளிதன்று. இரண்டாமவன் எவன் என அறிவித்தால், மறு பருவத்தில் அவன் வேறோர் ஊரில் இருப்பான். ஆதலின் பெயரை வெளியிடுவதைத் தள்ளிப்போடும் வழக்கம் பெருகிவருகிறது. ‘அல்லது’ என்னும் அச்சொல் சில அணிகளின் பட்டியலில் முதல் ஆட்டத்தின் முதற் பந்து உதைக்கப்படும்வரை நீங்காமலேயே இருக்கிறது.