ஒரே வீட்டில் இருவகை வெப்பம்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே, கிளிநொச்சியிலாயினும் முல்லைத்தீவிலாயினும் வவுனியாவிலாயினும், அண்மைக்காலத்தில் எழுந்த கல்வீடு ஒன்றினுள் சித்திரை மாத நண்பகலிற் புகுவோர் ஒரு விந்தையைக் காண்பர். முன்னறையில் இருக்க முடிகின்றது. அடுத்த அறையிலோ சிறிது நேரம் நிற்றலும் அரிது. கூரை ஒன்று, சுவர் ஒன்று, வெப்பம் மட்டும் வேறு. பிள்ளை படிக்கும் மேசையும் முதியோர் படுக்கும் கட்டிலும் அவ்வெம்மையறையில் அமைந்துவிட்டால், வீட்டார் வீட்டை விட்டு மாமர நிழலை நாட வேண்டியதாகின்றது.

இவ்வீடுகள் எளிதில் வந்தவை அல்ல. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் மீண்டு வந்தோர் முதலில் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தனர். பின்னர் 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட, உரியவர்களே முன்னின்று கட்டினர். போதாததற்குக் கடன்பட்டோரும் உளர். 2016ஆம் ஆண்டளவில் 65,000 உருக்கு வீடுகள் அமைக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டபோது, வன்னியின் வெயிலுக்கு அவை ஒவ்வா என்பதும் எதிர்ப்புக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் கல்வீட்டினுள்ளும் வெயில் புகும் வழிகள் உண்டு.

அவ்வழியைக் கண்டறிய வெப்பமானி ஒன்று போதும். காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு எட்டு மணி ஆகிய மூன்று வேளைகளிலும் அதனை ஒவ்வோர் அறையிலும் ஒரே உயரத்தில், சுவரிற் படாமற் சற்று நேரம் தொங்கவிட்டு, காட்டும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். வேளையே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு ஓர் அறை மிகக் கொதித்து, இரவில் விரைவாக ஆறுமாயின் குற்றம் கூரையினுடையது. வெயிலிற் காயும் பழந்தகரம் 60 பாகை செல்சியசையும் தாண்டிச் சுடும். அவ்வனல் கீழிருப்போர் தலைமேல் நேரே இறங்கும். பிற்பகலிற் பொறுக்கக்கூடியதாயிருந்த அறை இரவு எட்டு மணிக்கு வேகுமாயின், அது மேற்குச் சுவரின் வேலை. சீமெந்துக் கற்சுவர் மாலை வெயிலை உண்டு, சில மணி நேரம் கழித்தே உள்ளே விடும். சுவரிற் கைவைத்தாலே இது விளங்கும். காலை ஆறு மணிக்கும் ஓர் அறை மட்டும் புழுங்குமாயின், சூடேறிய காற்று மேலே வெளியேற வழியில்லை என்பது பொருள்.

இவ்வளவும் அறியாமல் முதலில் மின்விசிறி வாங்குவதே பலர் வழக்கம். விசிறி காற்றை அசைக்குமேயன்றி அறையைக் குளிர்விக்காது. தகரத்தின் கீழ்த் தேங்கிய அனலைத் தலைமேல் தள்ளுவதற்கு மின்கட்டணமும் செலுத்த வேண்டுமோ?

கூரையே காரணமாயின், தகரத்தின் மேற்புறத்துக்கு வெண்ணிறக் கூரை மை பூசலாம். சுண்ணாம்பு தகரத்தின் நாகப் பூச்சை அரிக்குமாதலால் அதனைச் சுவருக்கும் ஓட்டுக்கும் வைத்துக்கொள்வது நன்று. அது மாரிமழையிற் கரையும். ஆண்டுதோறும் மாசியிற் புதுப்பிக்க வேண்டும். உள்ளே, தகரத்துக்கு ஒரு முழம் கீழே பனையோலைப் பாயினால் உட்கூரை கட்டி, இடையிற் காற்றோட இடம் விட்டால் வேறுபாடு உடனே தெரியும். விறகடுப்பு எரியும் குசினியில் மட்டும் இது ஆகாது. அஸ்பெஸ்டஸ் எனும் கல்நார்த் தகடு வேய்ந்தோர் அதனைத் துளையிடவோ சுரண்டவோ கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குக் கொடியது.

சுவர் வேறு வகை. வன்னியிற் சூரியன் சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி நடுவிலும் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். வடக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் நீண்ட தாழ்வாரம் காத்துவிடும். சரிந்து வரும் மேற்கு வெயிலோ தாழ்வாரத்தின் கீழே நுழைந்துவிடும். ஆகவே மேற்கே வேம்பு நடுக. அது வளருமளவும் சுவருக்குச் சற்று விலகிப் பந்தலிட்டுப் பாகலோ அவரையோ படரவிடுக. கிணற்று நீர் போதுமாயின் வாழை ஓராண்டிலேயே நிழல் தரும்.

மூன்றாவது குறையே இரவில் மிக வருத்துவது. பாம்புக்கும் கள்வருக்கும் அஞ்சி யன்னல்களை அடைத்துப் படுப்போர், சிறப்பாக ஆண்துணையற்ற குடும்பத்துப் பெண்கள், பலர். யன்னலைத் திறந்துவையுங்கள் என்று அவர்களுக்குச் சொல்வது வீண். முகட்டின் கீழ் வரும் முக்கோணச் சுவரில், இரு புறமும், துளையுள்ள சீமெந்துக் கற்களைப் பதித்து உட்புறம் கம்பிவலை அடித்தால், யன்னல் மூடியிருந்தும் அனல் மேலே வெளியேறும். உட்கூரை கட்டிய அறையாயின் அதிலும் சிறு திறப்பு விட வேண்டும். கூரைவரை எழுந்த இடைச்சுவரிலும் மேலே அவ்வாறு வழிவிட்டால், சோளகக் காற்று ஓர் அறையோடு நில்லாது அடுத்த அறைக்கும் செல்லும்.

ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்து, அதே மூன்று வேளைகளில் மீண்டும் அளந்து, பழைய குறிப்போடு ஒப்பிடுக. இரண்டு மணி அளவு இறங்கியும் எட்டு மணி அளவு இறங்கவில்லையாயின், அடுத்த செலவு மேற்குச் சுவருக்கு உரியது.