கைதட்டும் நேரம்

நம்ம கொங்குப் பக்கத்து வள்ளி கும்மியைப் பார்த்திருப்பீங்க. மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கும்மிக்காகத்தான்.

அடுத்த முறை, அதில் ஆடும் குழந்தைகளைக் கவனியுங்க. ஆசிரியர் ஓர் அடி பாடுகிறார். குழந்தை காது கொடுத்துக் கேட்கிறது. தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. தாளம் வந்ததும் கை தட்டுகிறது, காலை மாற்றுகிறது. கேட்பது, காத்திருப்பது, சரியான நேரத்தில் தட்டுவது. ஓரிடத்தில் நிலைகொள்ளாத குழந்தைக்கு இந்த மூன்றும்தான் கஷ்டம். அதே மூன்றும் இங்கே விளையாட்டாகவே பழகுகின்றன. அசையாதே என்று யாரும் அதட்டுவதில்லை. அசைவதுதான் அங்கே பாடமே! எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

வீட்டிலும் செய்யலாம். வீட்டுப்பாடத்துக்கு உட்காரும் முன் ஐந்து நிமிடம், நீங்க ஒரு தாளம் தட்டுங்க, பிள்ளை அதைத் திருப்பித் தட்டட்டும். வாய்ப்பாட்டையும் தாளம் போட்டே சொல்லட்டும்.

ஒன்று மட்டும். பாடம் வாசிக்கும்போது சினிமாப் பாட்டு ஓட வேண்டாம். பாட்டின் சொல்லும் பாடத்தின் சொல்லும் மோதிக்கொள்ளும். இசை வேண்டுமென்றால், சொல் இல்லாத புல்லாங்குழலோ வீணையோ, மெதுவாக.

கவனக்குறைவு பள்ளியிலும் வீட்டிலும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்க. பிள்ளையைத் திட்ட வேண்டாம், அது சேட்டை இல்லை. தாளம் சிகிச்சைக்குத் துணைதான், மாற்று இல்லை. சிகிச்சை நடக்கும்போதே, சாயங்காலம் ஊரில் நடக்கும் கும்மிப் பயிற்சிக்கும் தாராளமாக அனுப்பலாம்.