கம்பி வேலியும் கிளுவை வேலியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் துறையில் புதிதாக ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். செய்யும் வேலை கியர் பெட்டி டிசைன். அதைப் பேசினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே, வேலி போட்ட கதையைச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இங்கே படித்ததை எல்லாம் வைத்து நான் செய்த மிக மோசமான டிசைன் அந்த வேலிதான்.

என் சொந்த ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காக எதிர்க்கரைப் பழைய சீவரத்துக்கு வந்து, ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கும் எழுந்தருளுவார். எங்கள் நிலம் ஆற்றங்கரையிலிருந்து கூப்பிடு தூரம்.

அப்பா 2016-ல் காலமானார். அதன் பிறகு பாகம் பிரித்தார்கள். எனக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட், பக்கத்தில் சித்தப்பாவுக்கு. சர்வேயர் அளந்ததில் பழைய வரப்பு ஒன்றரை அடி தள்ளி சித்தப்பா பக்கம் போயிற்று. "அளவு அளவுதான்" என்றார் சித்தப்பா. ஆனால் முகம் சரியில்லை.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நான் எஸ்டிமேட் போட்டேன். இரண்டு நிலத்துக்கும் நடுவில் 230 அடி. பத்தடிக்கு ஒன்று வீதம் 24 கல்லுக்கால், ஐந்து வரிசை முள்கம்பி. லீவில் வந்த நாலே நாளில் வேலை முடிந்தது. நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடு. சித்தப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. என் நிலம், என் கம்பி.

2018 கோடையில், இந்தப் பக்கத்துப் புல்லுக்கு ஆசைப்பட்டு சித்தப்பாவின் கன்றுக்குட்டி கம்பிக்கு நடுவே தலையை விட்டது. மிரண்டு இழுத்ததில் கழுத்து கிழிந்து, ஒரு கண்ணும் போயிற்று. அம்மா போனில் அழுதாள். நான் ஊருக்கு ஓடிப் போனேன். திண்ணையில் இருந்த சித்தப்பா எழுந்திருக்கவில்லை.

"இன்னாடா, பெரிய இன்ஜினீயரு! உன் எல்லை மாட்டுக்குத் தெரியுமாடா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் பேச்சில்லை. என் தங்கை கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை.

2019-ல் கம்பெனி என்னை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. நான் தங்கிய தெருவில் வீட்டுக்கு வீடு மதில் இல்லை. ஹார்ன்பீம் என்ற மரத்தை நெருக்கி நட்டு, கத்தரித்துக் கத்தரித்துச் சுவர் போல வளர்த்திருந்தார்கள். கொம்பு போலக் கடினமான மரம். அந்தக் காலத்துக் காற்றாலை, நீராலைகளின் பற்சக்கரங்களுக்கு இந்த மரத்தில்தான் பல் செதுக்கினார்களாம். கியர் செய்கிறவனுக்கு ஆசை வராமல் இருக்குமா? நாலு கன்று கொண்டு போகலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அது குளிர்நாட்டு மரம். காஞ்சிபுரத்து வெயிலில் ஒரு சித்திரை தாண்டாது.

இதை எல்லாம் போனில் சொன்னது யாரிடம் தெரியுமா? விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனிடம். அவன் காங்கேயத்துக்காரன். "அட, எங்க ஊர்ல இல்லாத வேலியா? ஒரு தடவை வந்து பாரு" என்றான்.

போய்ப் பார்த்தேன். காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு என்று சொல்கிறார்கள். மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. அந்த வேலிக்குள் காங்கேயம் மாடுகள் மேய்ப்பவன் இல்லாமலே மேய்கின்றன. கோடையில் இலை உதிர்ந்து முள்ளும் குச்சியுமாய் நிற்கும். ஒரு மழை பெய்தால் பச்சை பிடித்துவிடும். விதை வேண்டாம், கொம்பை வெட்டி நட்டால் போதும்.

நண்பனின் அப்பா சொன்னார்: "ஏனுங் தம்பி, கம்பி மாதிரி கட்டிப்போட்டுட்டுப் போயிர முடியாதுங்க. வேலிய வளக்கோணும். ரெண்டு பக்கமும் வெட்டோணும். அந்தப் பக்கத்துக்காரன் ஒத்துக்கிட்டானா, மொதல்ல கேளுங்க."

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போடப்பட்ட ஒரு பெரிய வேலி நம் சரித்திரத்திலேயே உண்டு. உப்பு வரி கட்டாமல் யாரும் உப்பு கொண்டு போகக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு வடஇந்தியாவின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டது. அதில் பல நூறு மைலுக்கு இலந்தை, கருவேலம், களா, கள்ளி என்று நட்டு உயிர்வேலியே வளர்த்தார்கள். ஆனால் அதைக் காக்க ஏறத்தாழ 12,000 பேர் வேண்டியிருந்தது. சுற்றியிருந்த மக்களில் ஒருவருக்கும் அது வேண்டாத வேலி. 1879-ல் கைவிட்டார்கள். இன்று தேடினாலும் தடம் கிடைப்பது அரிது.

நான் ஊருக்குத் திரும்பி சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். "கம்பியைப் பிடுங்கிடறேன் சித்தப்பா. செஞ்சது தப்பு" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கிளுவை நடப் போவதாகச் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து, "அது என் பக்கமும் வளருமே, யாரு வெட்டறது?" என்றார். "நீங்கதான் வெட்டணும்" என்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு இது.

2021 ஆவணியில் காங்கேயத்திலிருந்து கொம்புகள் வந்தன. அடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசை, ஒன்று விட்டு ஒன்று மாற்றி, மொத்தம் 460 கொம்பு. அந்த நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆற்றோரம் தாழ்வான 50 அடியில் தண்ணீர் நின்று, அங்கே நட்ட நூறு கொம்பும் அழுகின. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. சித்தப்பாதான், "ஆத்தோரம் நொச்சி வெக்காம வேற எதுடா வெப்பாங்க?" என்று சொல்லி, அவரே நொச்சியும் ஆடாதோடையும் கொண்டுவந்து நட்டார். இரண்டையும் ஆடு சீண்டாது.

ஆடாதோடைக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. எங்கள் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே 15 படுக்கையோடு நடந்த ஆதுலர் சாலையையும், அதில் வைத்திருந்த மருந்துகளையும் அது சொல்கிறது. அவற்றில் ஒன்று வாசாஹரீதகி. வாசா என்றால் ஆடாதோடைதான். நான் ஜெர்மனிவரை தேடிப் போனேன். செடி என் ஊர்க் கல்வெட்டிலேயே இருந்தது.

தம்பிகளுக்குச் சில தொழில் குறிப்புகள். முதல் வருஷமே நுனியை வெட்டுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். அப்போதுதான் அடியில் கிளை அடர்ந்து வரும். குறுக்குவெட்டு அணைக்கட்டு மாதிரி இருக்க வேண்டும், அடி அகலம், மேலே குறுகல். மேலே அகலமானால் அடிக்கு வெயில் கிடைக்காமல் ஓட்டை விழும். தண்ணீர் நிற்கும் இடத்தில் கிளுவை வைக்காதீர்கள். சீக்கிரம் வளர்கிறதே என்று சீமைக்கருவேலத்தை வேலிக்கு வைக்காதீர்கள். மாடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைக்கும். அப்புறம் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆனால் பெரிய குறிப்பு வேறு. காஞ்சிப் பட்டில் கோர்வைக் கரை பிடிப்பதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உயிர்வேலியும் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் மறுபக்கம் சாயும். கம்பி வேலிக்குப் பக்கத்துக்காரர் தேவையில்லை. அதுதான் அதன் வசதி என்று நான் நினைத்தேன். அதுதான் அதன் குறை.

வேலி இப்போது மார்பளவு நிற்கிறது. நடுவில் ஓரிடத்தில் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருக்கிறோம். சந்து விட வேண்டும் என்று சொன்னது நான். எவ்வளவு அகலம் என்று சொன்னது சித்தப்பா. போன மாட்டுப் பொங்கலன்று பெருமாளைச் சேவித்துவிட்டு, ஒற்றைக் கண் பசுவையும் அதன் கன்றையும் அந்தச் சந்து வழியாக என் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார். "புல்லு உன் பக்கம்தான் நல்லா இருக்குது" என்றார். அந்த ஒன்றரை அடியைப் பற்றி இப்போது இருவரும் பேசுவதில்லை. அதன்மேல் கிளுவை நிற்கிறது.

இங்கே எனக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் கற்றுத் தந்த ஆசிரியர்களுக்கும், விடுதியில் ஒரு நண்பனைத் தந்த இந்தக் கல்லூரிக்கும் என் நன்றி. நாளை நீங்கள் எதை டிசைன் செய்தாலும், அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எஸ்டிமேட் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.