விழுங்கிவிட்ட கேள்வி



புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டிருக்கிறது, சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும் என்று வைத்தியர் சொல்லும்போது, உயிர் தப்புமா, செலவு எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும் என்றெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற மனிதர், தாம்பத்திய சுகம் இனி என்னவாகும் என்ற ஒரு கேள்வியை மட்டும் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுகிறார். அறுபதைத் தாண்டியவருக்கு இந்த விசாரம் எதற்கு என்று பிள்ளைகள் நினைப்பார்களே என்ற கூச்சம் அவருக்கு. அவரே கேட்காததை நாமாக ஏன் பிரஸ்தாபிக்க வேண்டும் என்ற சங்கோஜம் வைத்தியருக்கு. இதனால் பின்னர் விளைகிற துக்கத்தில் பெரும்பகுதி அனாவசியமானது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு காலத்தில், இந்த ரண சிகிச்சைக்கு உட்பட்டவர்களில் அநேகமாக எல்லோருக்குமே குறி விறைப்பு அற்றுப்போயிற்று. உயிர் பிழைத்ததற்குக் கொடுத்த கிரயம் என்று அதை யாவரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற ஒருவர், 1977-இல், தமக்கு அந்தச் சக்தி குறையவே இல்லை என்று சொன்னபோது, அவருக்கு சஸ்திர சிகிச்சை செய்த பாட்ரிக் வால்ஷுக்குப் பெரிய சந்தேகம் பிறந்தது: விறைப்புக்குரிய நரம்புகள் சுரப்பிக்குள்ளே ஓடுகின்றன என்பது மெய்யானால், சுரப்பியை இழந்த இவர் எப்படித் தப்பினார்? 1981-இல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கருடன் அமர்ந்து, இறந்து பிறந்த ஒரு சிசுவின் சரீரத்தில் அவ்விருவரும் தேடியபோது, அந்த நரம்புகள் சுரப்பிக்கு வெளியே, இரு பக்கங்களிலும் ஒட்டினாற்போல் செல்வதைக் கண்டார்கள். முதிர்ந்த உடலில் கொழுப்பு மறைத்துவிடுகிற அந்த நூலிழைகள் சிசுவின் உடலில் தெளிவாகத் தெரிந்தன. மறு வருஷம் ஏப்ரல் மாதம் அவற்றைக் காத்து வால்ஷ் செய்த சிகிச்சைக்குப் பின், ஐம்பத்திரண்டு வயதான ஒரு நோயாளி ஒரு வருஷத்துக்குள் பழைய நிலையை அடைந்தார்.

ஆனால் எல்லோருக்கும் இந்த பாக்கியம் கிட்டுவதில்லை. நோய் நரம்பையே தொட்டிருந்தால் அதையும் தியாகம் செய்யத்தான் வேண்டும். காத்த நரம்பும் இழுபட்டு அயர்ந்துபோய், விழித்தெழ இரண்டு வருஷம்கூட எடுக்கும். 2016-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியின் கணக்கு இது: உறவுக்குப் போதிய விறைப்பு ஆரம்பத்தில் நூற்றுக்கு 67 பேருக்கு இருந்தது; அறுவைக்கென ஒதுக்கப்பட்டவர்களுள் ஆறு மாதத்தில் அது 12 ஆகச் சரிந்து, ஆறு வருஷத்தில் 17 ஆக நின்றது. இந்த எண்களை முன்கூட்டியே கேட்டவர், பின்னால் தம்மையே நொந்துகொள்ளமாட்டார்.

விறைப்பு போனால் சகலமும் போயிற்று என்று நினைப்பதுதான் பெரும் பிசகு. இச்சையைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பவை விதைகள். அவற்றை இந்தச் சிகிச்சை தொடுவதில்லை. ஸ்பரிசத்தை உணர்த்தும் நரம்புகள் வேறு வழியே செல்வதால், உச்ச சுகம் விறைப்பில்லாமலே வாய்க்கக்கூடும். விந்து மட்டும் இனி வெளிப்படாது. ஆகவே குழந்தை வேண்டுகிறவர் முன்னதாகவே அதைச் சேமித்துவைக்க வேண்டும். உச்சத்தில் சிறிது மூத்திரம் கசிவதும் உண்டு. சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் அது குறையும்.

விறைப்புக்கு உதவ, 1998 முதல் சில்டெனாஃபில் மாத்திரை கிடைக்கிறது. ஆனால் நரம்பு ஓரளவேனும் மிஞ்சியிருந்தால்தான் அது பலிக்கும். மார்வலிக்கு நைட்ரேட் மருந்து உண்பவர் அதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசியும், வெற்றிடக் குழாயும், உள்ளே பொருத்தும் சாதனமும் உள்ளன.

என் மனத்தை அதிகம் உறுத்துவது மனைவியின் நிலை. எங்கே அது எதிர்பார்ப்பை எழுப்பிவிடுமோ என்று அஞ்சி, கணவர் அவள் கையைப் பற்றுவதைக்கூட நிறுத்திவிடுகிறார். அவளோ தன்மீதே வெறுப்பு வந்துவிட்டது என்று எண்ணி மறுகுகிறாள். ஆகையால் அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போய், இரு பக்கத்து நரம்புகளையும் காக்க முடியுமா, ஒரு பக்கமேனும் தேறுமா, பின்னர் எந்தச் சிகிச்சையை எப்போது தொடங்கலாம் என்று நேரடியாகவே கேட்டுவிடலாம்.