பழத்துக்குள்ளேயே தண்ணீர்

ஸ்லோ குக்கரில் பழம் வேகவைக்கும்போது பலர் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். தண்ணீர் வேண்டாம். பழத்திலேயே தண்ணீர் இருக்கிறது.

அன்னாசிப்பழத்தைத் துண்டு போடுங்கள். மேலே பொடித்த வெல்லத்தைத் தூவுங்கள். வெல்லம் சாற்றை வெளியே இழுக்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் மறுநாள் தண்ணீர் விட்டு நிற்குமே, அதே போலத்தான். எழும்புகிற ஆவியும் மூடியில் பட்டு, சொட்டுச் சொட்டாகப் பழத்தின் மேலேயே விழும். அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் வேண்டாம்.

மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். போன சூடு திரும்பி வர வெகுநேரம் ஆகும். குறைந்த சூட்டில் 3 மணி நேரம் விட்டுவிடுங்கள். வாசனைக்கு ஏலக்காய். தேங்காய்ப்பால் பிடிக்குமா? அணைத்த பிறகு ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். எனக்கு, வெதுவெதுப்பாக அந்தச் சாற்றோடு சாப்பிடத்தான் ஆசை.