மேஜர் ஜெயந்த்: கொடிநாளில் ஒரு நினைவு
(கொடிநாளையொட்டி நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)



ராணுவ ஹெலிகாப்டர் விபத்து என்றதும் உங்களுக்குக் குன்னூர்தான் ஞாபகம் வரும். 2021 டிசம்பர் 8, ஜெனரல் பிபின் ராவத் இறந்த விபத்து. அதை நாடே நினைத்துக்கொள்கிறது. நான் இன்று சொல்ல வந்தது, நம்மில் பலர் மறந்துவிட்ட ஒருவரைப் பற்றி.

மேஜர் ஜெயந்த். தேனி மாவட்டம் பெரியகுளம் பக்கம் ஜெயமங்கலம் அவருடைய ஊர். ராணுவத்தில் ஹெலிகாப்டர் விமானி. 2023 மார்ச் 16 காலை, அருணாச்சலப் பிரதேசத்தில் செங்கே என்ற இடத்திலிருந்து அசாமின் மிசாமாரிக்குக் கிளம்பிய சீட்டா ஹெலிகாப்டரில் அவரும் லெப்டினன்ட் கர்னல் வினய் பானு ரெட்டியும் இருந்தார்கள். ஒன்பதேகால் மணிவாக்கில் தொடர்பு அறுந்தது. மண்டலா என்ற மலைப்பகுதியில் நொறுங்கிக் கிடந்தது. இருவரும் இறந்துவிட்டார்கள். ஜெயந்த்தின் உடல் மதுரைக்கு வந்து, சொந்த ஊரில் ராணுவ மரியாதையோடு தகனம் நடந்தது.

இதே சீட்டா ரகம்தான் 2019 செப்டம்பர் 27 அன்று பூடானில் யோங்புல்லா அருகே விழுந்தது. அதில் இறந்தவர்கள் நம் ராணுவத்தின் லெப்டினன்ட் கர்னல் ரஜ்னீஷ் பர்மார், நம்மிடம் பயிற்சியில் இருந்த பூடான் ராணுவ கேப்டன் கல்சங் வாங்டி. அயல்நாட்டு மலையில் இரண்டு நாட்டு வீரர்கள் ஒன்றாகப் போனார்கள்.

சீட்டா என்பது பிரெஞ்சு நாட்டு 'லாமா' ஹெலிகாப்டர். 1970களிலிருந்து உரிமம் வாங்கி எச்.ஏ.எல். இங்கே தயாரித்தது. ஒற்றை இன்ஜின். குறை மட்டும் சொல்லக்கூடாது. 1972-ல் லாமா 12,442 மீட்டர் உயரம் பறந்து உலக சாதனை செய்தது. சியாச்சினில் அரிசி, மருந்து, அடிபட்ட ஜவான் எல்லாம் இதில்தான் ஏறி இறங்கினார்கள். ஆனால் வடிவமைப்பு ஐம்பது வருடத்துக்கு மேல் பழசு. ராணுவ அதிகாரிகளின் மனைவிமார்களே ஒன்றுசேர்ந்து, இதை மாற்றுங்கள் என்று பாதுகாப்பு அமைச்சர் வரை போய்க் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதே என் கருத்து. ஓட்டுகிறவரின் துணிச்சலை நம்பி பழைய வண்டியை எத்தனை காலம் ஓட்டுவது?

கீழ்பென்னாத்தூரில் இருந்துகொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நம் சுற்றுவட்டாரத்திலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் குறைவில்லை. வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நவம்பர் மாதம் வந்தாலே பட்டாளத்துக்காரர் வீட்டம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள், தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க. புருஷன் போன தேதி அவர்களுக்கு மனப்பாடம். பென்ஷன் ஆர்டர் நம்பர் தெரியாது. இப்போது எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்று ஆன்லைனில் போய்விட்டது. வயதானவர்களுக்கு அது இன்னும் சிரமம்.

கொடிநாள் உண்டியல் வரும்போது சில்லறை தேடாமல் நோட்டாகப் போடுங்கள். அந்தப் பணம் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலனுக்குத்தான் போகிறது. உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் யாராவது நவம்பரில் சான்றிதழ் கொடுக்காமல் பென்ஷன் நின்றிருந்தால் பயப்பட வேண்டாம். இப்போது கொடுத்தாலும் நிலுவையோடு வரும். ஆதார், பென்ஷன் ஆர்டர், வங்கிப் பாஸ்புக், மொபைல் நான்கையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.